மின்னினால் பாஸ்

இருபத்தெட்டு வருடம் நான் பார்த்த வேலை, கறுப்புத் துணி போட்டு மூடிய ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து போர்டுகளைப் பார்ப்பது. குஷாய்குடாவில் இருக்கும் பெரிய அரசுக் கம்பெனியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கம்பெனிகள் நிறைய உண்டு. அதில் ஒன்றில்தான் எனக்கு வேலை. எலெக்ட்ரானிக் போர்டுகள் ஈரத்தில் கெட்டுப்போகாமல் இருக்க, அவற்றின் மேல் மெல்லிசாக ஒரு வார்னிஷ் அடிப்பார்கள். கோட்டிங் என்போம். அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வார்னிஷில் ஒரு மருந்தைக் கலந்திருப்பார்கள். ஊதா விளக்குக்கு அடியில் போர்டைப் பிடித்தால், கோட்டிங் பிடித்த இடமெல்லாம் நீலமாக மின்னும். விட்டுப்போன இடம் இருட்டாக இருக்கும். மின்னினால் பாஸ், இருட்டு இருந்தால் பெயில். பெயிலானதைத் தூக்கிப் போடமாட்டோம். ரீவொர்க்குக்கு அனுப்புவோம். மறுபடி கோட்டிங் வாங்கிக்கொண்டு என் மேஜைக்கே திரும்பி வரும்.

குண்டூசி முனையளவு இருட்டைக்கூட நான் விட்டதில்லை. மாதக் கடைசியில் சூப்பர்வைசர்கள் துணிக்கு வெளியே நின்றுகொண்டு, "அம்மா, லைட் தீஸ்கோண்டி" என்று கெஞ்சுவார்கள். இந்த ஊர்த் தெலுங்கில் லைட் தீஸ்கோ என்றால் பெரிசாக எடுத்துக்கொள்ளாதே, விட்டுத் தள்ளு என்று அர்த்தம். விளக்குக்கு அடியிலேயே உட்கார்ந்திருப்பவளிடம் வந்து லைட் எடுத்துக்கொள் என்றால் எப்படி? நான் பெயில் சீட்டை ஒட்டி வெளியே தள்ளிவிடுவேன். எனக்குக் கம்பெனியில் நல்ல பெயர் இல்லை. ஆனால் நான் பாஸ் போட்ட போர்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்பாள் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள். திருமுல்கேரியில் எங்கள் வீட்டில், நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் இருக்கிறாள். இவர்கள் குடும்பம் கொள்ளுத்தாத்தா காலத்தில் பட்டாளத்தோடு திருநெல்வேலியிலிருந்து வந்தது. ஊரை விட்டு வந்து இத்தனை காலமாகியும் வீட்டுக்குள் அந்தத் தமிழ்தான். அதற்கு மேல் இந்த ஊர் உருது கொஞ்சம்: வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். அண்ணன் மனைவியை அங்கே மைனி என்பார்கள். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கம்பெனிலதான் பாஸ் பெயில் போடுதியன்னா வீட்டுக்கு வந்தும் போடுதிய. நக்கோ மைனி, எனக்குச் சீட்டு ஒட்டாதிய" என்பாள்.

எங்கள் சண்டைகள் எல்லாம் அற்பமானவை. பாத்திரத்தில் அவள் விடுகிற எண்ணெய்ப் பிசுக்கு, டிவி சத்தம், மீன் குழம்பில் புளி. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு சண்டை பிடிக்க எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான் மிச்சம். நடுவில் என் மகள். அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். தமிழில் என்ன கேட்டாலும் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷிலோ தெலுங்கிலோ, மிஞ்சினால் மூன்றும் கலந்தோ வரும். என்னைவிட அத்தையிடம்தான் அவளுக்கு ஒட்டுதல் அதிகம். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் நாத்தனார் நன்றாகச் சாப்பிடுகிறவள். சனிக்கிழமை போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு இரண்டு பேரும் போவோம். மொத்தக் கடைக்காரனிடம் தெலுங்கிலும் உருதுவிலும் மாறி மாறி வாயாடி, மூன்று பேர் வீட்டுக்கு முப்பது பேருக்கான காய் வாங்கி வருவாள். அப்படிப்பட்டவள் தட்டில் பாதியை மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பாள். என் சமையலைக் குத்திக்காட்டுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். "பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லு. இப்படி மிச்சம் வச்சு அவமானப்படுத்தாதே" என்று ஒருநாள் கத்தியும் விட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளை மூன்று மாதம் நான் சரியாகப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். இரைப்பையில் புற்றுநோய். டாக்டர் பொறுமையான மனிதர். தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். ஸ்கேனில் நோய் இரைப்பைக்கு வெளியே போனதாகத் தெரியவில்லை. ஆனால் வயிற்றின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வின் மேல் பொடிப்பொடியாக விதை விழுந்திருந்தால் அது ஸ்கேனில் தெரியாது. பத்து நாள் கழித்து, சின்னத் துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கலாம். விதை இல்லை என்றால் முதலில் மருந்து, பிறகு ஆபரேஷன் செய்து நோயை எடுத்துவிடலாம். விதை இருந்தால் ஆபரேஷனால் பிரயோஜனம் இல்லை.

ஆக, எல்லாம் அந்த விதையில் இருந்தது. அந்தப் பத்து நாளும் வீட்டில் நாங்கள் சண்டையே பிடிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது.

இதில் விசேஷம் என்னவென்றால், என் மகளின் ஆராய்ச்சியே அந்த விதையைப் பற்றித்தான். அத்தைக்கு நோய் வருவதற்கு மூன்று வருடம் முன்பே அவள் அதை எடுத்துக்கொண்டிருந்தாள். எலிகள், துகள்கள் என்று ஏதோ சொல்வாள். நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை. இப்போதுதான் உட்காரவைத்துக் கேட்டேன். தலைமுடியின் தடிமனை ஆயிரமாகக் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிய துகள். அதை வயிற்றுக்குள் செலுத்தினால் நோய் இருக்கும் இடமாகத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால் கேமராவில் பச்சையாக மின்னும். அதே வெளிச்சத்தைப் பலமாகக் கொஞ்ச நேரம் பிடித்தால் துகள் சூடாகி, ஒட்டிய இடத்தை மட்டும் பொசுக்கிவிடும். வெளிச்சம் படாத இடத்தில் அது வெறும் தூசு.

"எங்க கோட்டிங் மாதிரிதான்" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் மகளின் வேலை எனக்குப் புரிந்தது.

"கைண்ட் ஆஃப்" என்றாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் நாத்தனார் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் லேப்டாப்பைத் திறந்து ஒரு படத்தை எனக்குக் காட்டினாள். எலியின் திறந்த வயிறு. முழுக்கப் பச்சையாக மின்னியது. ஓரம் வரை, மடிப்பு வரை, ஓர் இடம் பாக்கி இல்லை. இருபத்தெட்டு வருடப் பழக்கம் என் வாயைத் திறந்துவிட்டது.

"அடேயப்பா! ஒரு இடம் விடாமப் பிடிச்சிருக்கே! பாஸ்!" என்றேன்.

என் நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் எதற்கும் இவ்வளவு சுலபமாகப் பாஸ் போட்டு அவள் பார்த்ததில்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எனக்கும் இப்பிடி மின்னுமாட்டி?" என்று மகளிடம் கேட்டாள்.

மகள் லேப்டாப்பை மூடினாள். சார்ஜ் போடணும் என்று தெலுங்கில் ஏதோ முனகிவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். அங்கே அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, மின்னினதெல்லாம் கேன்சர். அந்த எலிக்கு ஃபுல்லா ஸ்ப்ரெட். அதுக்கு ட்ரீட்மென்ட்டே குடுக்கலை. நீ போய்ப் பாஸ்ங்கறே!"

என் விளக்கில் மின்னுவது நல்லது. அவள் விளக்கில் மின்னுவது நோய். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? இப்போதுதானே உட்கார்ந்து கேட்டேன்? கூடத்தில் என் நாத்தனார் ஏதோ சர்ச் பாமாலையை முணுமுணுத்துக்கொண்டே அவரைக்காய் நறுக்குவது கேட்டது. பல நாளைக்குப் பிறகு அவள் பாடுகிறாள். போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் பெண்கள் கூட்டம் நடக்கும். அவரவர் தேவையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஜெபக் குறிப்பு என்று அதை வாசித்து எல்லோரும் ஜெபிப்பார்கள். கூட்டத் தலைவி என் நாத்தனாரின் சீட்டைப் பிரித்து உரக்க வாசித்தாள்: "கேமரா வைத்துப் பார்க்கும்போது என் வயிறு முழுவதும் மின்னும்படி." தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் கண்ணை மூடி, குரலை உயர்த்தி, "ஆண்டவரே, எங்கள் சகோதரியின் வயிற்றை மின்னப் பண்ணும்" என்றாள். நாற்பது பெண்களும் ஆமென் சொன்னார்கள். என் வாய் மட்டும் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் முழங்கையால் என்னை இடித்தாள். "ஆமென் சொல்லுங்க மைனி."

நானும் சொன்னேன்.

திங்கட்கிழமை மதியம் அவள் மகளைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொடியை எனக்கு எப்பட்டி போடுவ? வெள்ளிக்கிழமை கேமரா விடுதாவல்லா? அதுக்கு முந்தியே போட்டாத்தானே மின்னும்?"

மகள் எப்படியாவது பேச்சை மாற்றப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே, "லைட் தீஸ்கோ அத்தை" என்றாள்.

"ஹவ், அந்த லைட்டைத்தானே நானும் எடுத்துக்கிடுதேங்கேன். எப்பத் தருவ?"

மகளின் சிரிப்பு அப்படியே நின்றது. அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள். அந்தத் துகள் எலிகளுக்கு மட்டும்தான், மனிதர்களுக்குப் போட இன்னும் அனுமதி இல்லை, அதற்கு எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது என்று தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றையும் குழப்பி அழுதுகொண்டே சொன்னாள். பிறகு எழுந்து மொட்டை மாடிக்கு ஓடிவிட்டாள்.

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"இன்னொண்ணும் இருக்கு. அந்தப் படத்துல மின்னுனதெல்லாம் நோவு. மின்னக்கூடாது. நான்தான் புத்தி கெட்டுப் போய்ப் பாஸ்னுட்டேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "குழம்புல ரெண்டு உப்புக்கல்லு கூடுனா கண்டுபிடிக்கிற ஆளு. இதைத் தப்பாப் பாத்திட்டியளாக்கும்?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலியில் பிடிக்கிறாளா சிரிப்பில் பிடிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "ஐயோ, நாப்பது பொம்பளைய சேந்துல்லா ஜெபம் பண்ணியிருக்கு! அதை மாத்தணுமே. நீங்கதான் போய்ச் சொல்லணும் மைனி. நான் போமாட்டேன்."

பெண்கள் கூட்டம் புதன்கிழமையும் உண்டு. அதில் எழுந்து நின்றேன். "ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் ஒரு திருத்தம் இருக்கிறது. என் நாத்தனாரின் வயிறு மின்னக்கூடாது" என்றேன். கசகசவென்று பேச்சு கிளம்பியது. முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மா, "மின்னணுமா, மின்னக்கூடாதா? ஆண்டவர்கிட்ட ஒழுங்காச் சொல்லுங்கம்மா" என்று அதட்டினார். மின்னக்கூடாது, இருட்டாக இருக்கவேண்டும் என்றேன். சகோதரியின் வயிறு இருட்டாக இருக்கும்படி நாற்பது பேரும் ஜெபித்தார்கள். இந்தத் தடவை என் ஆமென்தான் சத்தமாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை கேமரா விட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் டாக்டர் என்னையும் மகளையும் உள்ளே கூப்பிட்டு, திரையில் காட்டினார். சாதாரண வெள்ளை வெளிச்சம். ஈரமான ரோஸ் நிறச் சவ்வு. அதன் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக, வேகவைத்த ஜவ்வரிசி ஒட்டியிருப்பது போல வெள்ளைப் புள்ளிகள். டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மகள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, புள்ளிகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத இடங்களை உற்றுப் பார்த்தாள். வெளியே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். "இதைவிடச் சின்னதைக்கூட ஒரு எலி வயித்துல என்னால காட்ட முடியும்மா. அத்தைக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியலை" என்றாள் தெலுங்கில். கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கியதற்குப் பிறகு அவளை நான் அவ்வளவு நேரம் அணைத்துக்கொண்டதில்லை.

மயக்கம் தெளிந்ததும் என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "மின்னிச்சா மைனி?"

"கொஞ்சம்" என்றேன்.

"ஜெபத்தை மாத்த லேட்டாக்கிட்டோம்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். உதட்டோரத்தில் சிரிப்புக்கூட இருந்தது. எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. சீட்டில் எழுதிய வார்த்தையால் நோய் பரவாது, கூட்டம் கூடுவதற்கு வெகு முன்பே அந்த விதை விழுந்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என் வாழ்நாளிலேயே நான் தப்பாகப் போட்ட ஒரே பாஸ், இவள் வயிற்றுக்கு வந்து விழுந்துவிட்டது என்ற நினைப்பு போகவில்லை. பாத்திரம் கழுவும்போது வரும். பஸ்ஸில் போகும்போது வரும். யாரிடமும் சொல்லவில்லை.

ஆபரேஷன் இல்லை என்றாகிவிட்டது. மருந்து ஏற்றினார்கள். ஆறேழு மாதம் நன்றாகவே இருந்தாள். இரண்டு தடவை போவன்பள்ளிக்குக்கூட வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு பேரம் பேசினாள். பிறகு வயிற்றில் நீர் கட்ட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி குத்தி எடுத்துவிட்டு வருவோம். லிட்டர் கணக்கில் வரும். அதை அவர்கள் கொட்டிவிடுவார்கள்.

ஒருநாள் மகள் தயங்கித் தயங்கி ஒரு பேச்சை எடுத்தாள். நோயாளிகள் சம்மதித்தால் அந்த நீரை ஆஸ்பத்திரியே அவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அதில் இருக்கும் நோய்ச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, துகள் போட்டு, வெளிச்சம் காட்டிச் சோதிப்பார்கள். பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். எது யாருடையது என்று அவளுக்கே தெரியாது. அத்தைக்கு இதனால் எந்தப் பலனும் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்.

"கீழ கொட்டுததைத்தானே கேக்கிய? எடுத்துக்கிடுங்க" என்றாள் நாத்தனார். சம்மதப் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். பள்ளிக்கூட ஆபீசில் அத்தனை வருடம் இருந்தவள் இல்லையா? ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து வட்டம் போட்டுவிட்டு, அழகான கையெழுத்தில் கையொப்பம் இட்டாள்.

சில வாரம் கழித்து, மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு மகள் படங்களைக் கொண்டுவந்தாள். அப்போது என் நாத்தனாரால் எழுந்து நடக்க முடியாது. கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தோம். ஐந்து கிண்ணங்கள். முதல் வரிசையில் வெளிச்சத்தால் பொசுக்குவதற்கு முன், ஐந்தும் பச்சையாக மின்னின.

"மூணாவது என்னுதாக்கும்" என்றாள் நாத்தனார்.

"அத்தை, அப்படிச் சொல்ல முடியாது. ஐ டோன்ட் நோ" என்றாள் மகள்.

"எனக்குத் தெரியும். பாரு, ஒழுங்கா வரிசையா நிக்கி. என்னுதுதான்."

அடுத்து, வெளிச்சம் காட்டியபின் எடுத்த படங்கள். ஐந்தும் இருட்டு. செத்துப்போன செல்கள் மின்னாதாம். மகளின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நாத்தனார் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள். அதில் சத்தமே வரவில்லை. "இப்பச் சொல்லுங்க மைனி, பாஸா?" என்றாள்.

நான் மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது ஓரத்தில், விளிம்பை ஒட்டி, ஒரு புள்ளி. குண்டூசி முனைகூட இருக்காது. ஆனால் மின்னியது.

பாஸ் என்று சொல்லிவிட எனக்கு ஆசை. நாலெழுத்துகூட இல்லாத வார்த்தை. சொல்லியிருந்தால் இரண்டு பேருமே சந்தோஷமாக இருந்திருப்பார்கள். ஏற்கெனவே ஒரு தடவை தப்பாகச் சொன்னவள்தானே, இன்னொரு தடவை சொன்னால் என்ன? நான் கண்ணாடியைத் துடைப்பது போலப் பாவனை செய்தேன்.

"என்னத்தையோ பாத்துட்டிய. உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

விரலை வைத்துக் காட்டினேன். இல்லையே, அது கிண்ணத்து விளிம்பின் பளபளப்புதான் என்றாள் மகள். பெரிசாக்கிப் பார் என்றேன். பெரிசாக்கினாள், இன்னும் பெரிசாக்கினாள். பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாலு பேர் பார்த்தோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை என்றாள்.

நான் நாத்தனாரைப் பார்க்கத் துணியாமல் போர்வையைப் பார்த்தேன். அவள் கை ஊர்ந்து வந்து என் கையைப் பிடித்தது.

"பாத்தியாட்டி உங்கம்மா கண்ணை? இந்தக் கண்ணுகிட்ட இத்தனை வருசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒண்ணும் தப்பாது" என்றாள்.

அந்தக் கண்ணை அவள் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்ப நம்ம மூணாம் நம்பர் பெயிலா மைனி?"

"பெயில்தான்."

"தூரப் போட்டுருவாவளோ?"

"பெயிலானதை யாராவது தூரப் போடுவாங்களா? ரீவொர்க்குக்கு அனுப்புவோம்."

"அப்ப அனுப்பச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார். படுக்கவைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். ஒரு மதிய நேரம், நானும் மகளும் பக்கத்தில் இருந்தோம். அடக்கத்துக்குச் சபைப் பெண்கள் நாற்பது பேரும் வந்திருந்தார்கள். வீடு திரும்பிய பிறகு, அவள் வழக்கமாக எண்ணெய்ப் பிசுக்கு விடுகிற வாணலியை எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நான்தான் கழுவியிருந்தேன். அந்த வாணலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். இவ்வளவு பிரியம் எனக்கு அவள் மேல் இருந்தது அவளுக்குத் தெரியுமா என்று இப்போதும் யோசிக்கிறேன். தெரிந்திருக்கும் என்றுதான் வைத்துக்கொள்கிறேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"அம்மா, மூணாம் நம்பர் இன்னைக்கு இருட்டு."

முழுக்கத் தமிழிலேயே சொன்னாள், அத்தை பேசுவது போல. எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். அந்த ஓரத்தில் நோய் தப்பியதற்குக் காரணம் துகள் இல்லையாம், வெளிச்சமாம். கிண்ணத்தின் விளிம்பு மறைத்ததில் அங்கே போதுமான அளவு விழவில்லை. வயிற்றுக்குள்ளும் அப்படி மறைவான மடிப்புகள் நிறைய இருக்கும். நான் காட்டிய புள்ளியை வைத்து, வெளிச்சத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்த்துக் காட்டும்படி மாற்றியிருக்கிறார்கள். ஐந்து நம்பரிலும் பத்திரமாக மிச்சம் வைத்திருந்த செல்களை எடுத்து மறுபடி வளர்த்து, மறுபடி சோதித்திருக்கிறார்கள். இன்னும் கிண்ணம்தான், இதற்குப் பிறகு எலி, அதற்குப் பிறகு எத்தனையோ படி இருக்கிறது என்றும் சொன்னாள். என் மகள் பொய் நம்பிக்கை கொடுக்கிறவள் இல்லை. அந்தக் குணம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

"வாயால சொன்னாப் போதாது. படத்தைக் காட்டு" என்றேன்.

கையைக் கழுவினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஜன்னல் கதவைச் சாத்தி, சமையலறை விளக்கை அணைத்தேன். மகள் லேப்டாப்பை மேடையில் வைத்து மூன்றாவது கிண்ணத்தைத் திரை முழுக்கப் பெரிசாக்கினாள். கம்பெனியில் பார்ப்பது போலவே இடது மேல் மூலையில் ஆரம்பித்து, வரிவரியாக, அவசரப்படாமல் பார்த்தேன். வலது ஓரத்துக்கு வந்ததும் நின்றேன். விளிம்பை மேலிருந்து கீழாக ஒரு தடவையும் கீழிருந்து மேலாக ஒரு தடவையும் பார்த்தேன். அது நாத்தனாருடையதுதானா என்று நான் கேட்கவில்லை. அவள்தான் சொல்லியிருக்கிறாளே.

எங்கும் ஒரு புள்ளி இல்லை.

"பாஸ்" என்றேன். இருட்டுக்கு நான் பாஸ் போட்டது அதுதான் முதல் தடவை.